காவிரிக்கரையில் இங்கிலீஷ் பேசிய கதை

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த விஷயம் இது. எங்கள் வகுப்புக்காரர்களுக்குப் பழைய கதையாகத் தெரியலாம், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற செமஸ்டரில் எங்கள் துறைக்கு ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. எழுத்துத் தேர்வு முடிந்து குரூப் டிஸ்கஷனில் எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து, "நதிநீர்ப் பங்கீடு" என்று தலைப்புக் கொடுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். நான் பாபநாசம் பக்கத்து விவசாயி வீட்டுப் பையன். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தவன். எட்டுப் பேரில் ஐந்து பேர் டெல்டாக்காரர்கள், காவிரியைப் பற்றி எங்களை விட யார் பேசிவிட முடியும்?

யாரும் பேசவில்லை! கோயம்புத்தூரிலிருந்து வந்து படிக்கிற ஒரு பெண் மட்டும் அழகாகப் பேசினாள். பேசியதில் பாதி தப்பு. குறுவைக்கும் சம்பாவுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. "சார், ஆக்சுவலி..." என்று ஆரம்பித்து அதிலேயே நின்றுவிட்டேன். அவள் தேர்வானாள், நாங்கள் ஐந்து பேரும் பேருந்து நிலையத்துக்கு வந்து டீ குடித்தோம். அவள் மேல் ஒரு குறையும் இல்லை. தெரிந்ததைத் துணிந்து சொன்னாள், அவ்வளவுதான்.

டீக்கடையில் ஒன்றைக் கவனித்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு பெரியவர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். "இன்ஃப்ளோ குறைஞ்சிடுச்சுங்க", "டிரிப்யூனல் சொன்னது நூத்தித் தொண்ணூத்திரண்டு டி.எம்.சி., சுப்ரீம் கோர்ட்டுல அதையும் குறைச்சிட்டான்", "ரிவ்யூ பெட்டிஷன் போட்டா என்ன ஆவும்?". இவர்கள் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் மாதிரித் தெரியவில்லை. ஆனால் 2007-ஆம் ஆண்டு நடுவர் மன்றத் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது, எல்லாம் விரல் நுனியில்! முக்கியமான வார்த்தைகள் அத்தனையும் இங்கிலீஷ் வார்த்தைகள். நடப்பு விஷயத்தைப் பேசிப் பேசியே அந்த வார்த்தைகள் அவர்கள் நாக்கில் ஏறியிருக்கின்றன. யாரும் கிளாஸ் எடுக்கவில்லை.

அன்று இரவிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. நம் பக்கத்தில் முன்பெல்லாம் இங்கிலீஷை எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? நூலகத்தில் தேடிப் படித்தேன். கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொதுவாக இங்கிலீஷ் படிப்பு என்றாலே 1835-இல் மெக்காலே எழுதிய குறிப்பிலிருந்து ஆரம்பிப்பார்கள். தஞ்சாவூர்க் கதை அதற்கு ஐம்பது வருஷம் முந்தியது. 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஸ்வார்ட்ஸ் என்ற பிரஷ்ய நாட்டுப் பாதிரியார், பின்னால் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் இருந்தார். தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் பேசுவார். ஹைதர் அலியிடம் தூது அனுப்ப 1779-இல் கும்பெனியார் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். தஞ்சாவூரில் கும்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன் யோசனை சொல்ல, 1785 வாக்கில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று ஊர்களில் இங்கிலீஷ் பள்ளிக்கூடங்கள் ஆரம்பித்தார். 1787-இல் லண்டனிலிருந்த கும்பெனி டைரக்டர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் வருஷத்துக்கு 250 பகோடா கொடுக்கச் சம்மதித்தார்கள். காரணம் தர்ம சிந்தனை இல்லை. வரி, வழக்கு, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் துபாஷி ஒருவர் நின்று இரண்டு பக்கமும் பிடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளூர் ஆள் நேராகப் பேசினால் கும்பெனிக்கு லாபம். ஆக, நம் ஊர் இங்கிலீஷ் ஆரம்பத்திலேயே ஆட்சி விவகாரம் பேசத்தான் வந்திருக்கிறது. கவிதை படிக்க வரவில்லை!

ஆனால் கவிதையும் வந்தது. ஸ்வார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்த பையன்தான் பிறகு மன்னரான இரண்டாம் சரபோஜி. 1798 பிப்ரவரியில் ஸ்வார்ட்ஸ் இறந்தபோது அவர் கல்லறைக் கல்லுக்கு இங்கிலீஷில் செய்யுள் எழுதியது சரபோஜியே. சிவகங்கைத் தோட்டத்தில் இருக்கும் ஸ்வார்ட்ஸ் சர்ச்சுக்குப் போனால், லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மேன் செய்த பளிங்குச் சிற்பத்தையும் பார்க்கலாம். சாகும் நிலையில் படுத்திருக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டு நிற்பார். (பெரிய கோயிலுக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பக்கத்திலேயே இருக்கும் இதைப் பார்க்காமல்தான் போகிறார்கள். நானும் மூன்று வருஷம் அப்படித்தான் போனேன்.) 1826-இல் தஞ்சாவூர் வந்த பிஷப் ஹீபர், ஐரோப்பிய அறிவியலைப் பற்றி மன்னர் சரளமாகப் பேசியதைக் கேட்டு அசந்துபோய் எழுதிவைத்திருக்கிறார். இதில் ஒரு வேதனையும் உண்டு. 1799 ஒப்பந்தத்தோடு நாட்டு நிர்வாகம் கும்பெனி கைக்குப் போய்விட்டது. நல்ல இங்கிலீஷ் பேசிய மன்னரிடம் கோட்டையைத் தாண்டிப் பெரிய அதிகாரம் இல்லை.

இனி என்னை ரொம்பக் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன்.

தஞ்சை ஜில்லாவில் 1832-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் முத்துசாமி ஐயர். சின்ன வயதில் கிராமக் கணக்குக்கு உதவியாக மாசம் ஒரு ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். முத்துசாமி நாயக்கர் என்ற தாசில்தார் கண்ணில் பட்டு, நாகப்பட்டினம், சென்னை என்று படிக்கப்போனார். 1878-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். சென்னையில் வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகளுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு இந்தியனுக்கு அந்த நாற்காலியா, அதே சம்பளமா என்று எழுதினார்கள். பதில் சொல்ல இந்தியர் கையில் சொல்லிக்கொள்ளும்படியான இங்கிலீஷ் பத்திரிகை அப்போது சென்னையில் இல்லை.

திருவல்லிக்கேணியில் ஒரு இலக்கியச் சங்கம் இருந்தது. பெயர்தான் இலக்கியம், படித்த இளைஞர்கள் கூடி நாட்டு நடப்பை இங்கிலீஷில் விவாதிக்கிற இடம் அது. அதில் ஆறு பேர், இரண்டு வாத்தியார்கள், நான்கு சட்ட மாணவர்கள். வாத்தியார்களில் ஒருவர் ஜி.சுப்பிரமணிய ஐயர். எந்த ஊர் தெரியுமா? நம் திருவையாறு! 1855-இல் பிறந்தவர், தஞ்சாவூர் செயின்ட் பீட்டர்ஸில் படித்தவர். அப்போது வயது 23. இன்னொரு வாத்தியார் வீரராகவாச்சாரியாருக்கு அதை விட இரண்டு வயது குறைவு. ஆறு பேரும் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதி அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி வெளியான அந்தப் பத்திரிகைதான் 'தி ஹிந்து'. விலை நாலணா, வாரம் ஒருமுறை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு நாம் இங்கிலீஷ் வளர்க்க வேண்டும் என்றால் எல்லா வாத்தியாரும் சொல்லும் முதல் அறிவுரை "ஹிந்து படி" என்பதுதான். அந்த ஹிந்துவே, மாணவர்களும் இளம் வாத்தியார்களும் நடப்பு விஷயத்தை இங்கிலீஷில் விவாதித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்திலிருந்து, ஒரு தஞ்சாவூர்க்காரரின் நியமனத்துக்காக, இன்னொரு தஞ்சாவூர்க்காரர் முன்னின்று பிறந்தது! இது தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. மிகையாகச் சொல்லவில்லை.

அதே சுப்பிரமணிய ஐயர்தான் 1885-இல் பம்பாயில் நடந்த முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். இங்கிலீஷில் நன்றாகப் பேசி, எழுதி, பெயர் வாங்கியாயிற்று. அத்தோடு நிற்கவில்லை. நாட்டு நடப்பு இங்கிலீஷ் தெரிந்தவர்களோடு நின்றுபோனால் பயனில்லை என்று 1882-இலேயே 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் வார இதழையும் ஆரம்பித்துவிட்டார். 1898-இல் ஹிந்துவை விட்டு விலகி முழுதாகத் தமிழ்ப் பக்கம் வந்தார். 1899-இல் சுதேசமித்திரன் தினசரி ஆனது. 1904-இல் பாரதியாரை உதவி ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டதும் அவர்தான். இங்கிலீஷில் விவாதிக்கப் பழகிய மனிதர் தமிழில் அரசியல் எழுத வழி போட்டார் என்பதை நாம் ஏன் பாடத்தில் படிப்பதில்லை என்று புரியவில்லை.

அடுத்து கும்பகோணம். அரசுக் கல்லூரி 1854-இல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்து 1867-இல் கல்லூரியானது. காவிரிக்கரையிலேயே கட்டடம். போர்ட்டர் என்ற வெள்ளைக்காரத் தலைவர் காலத்தில் பெயர் பரவி, தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று சொல்லுமளவுக்கு வந்தது. (ஊரில் போர்ட்டர் டவுன் ஹால் இருக்கிறதே, அந்தப் போர்ட்டர்தான். நான் ரயில்வே போர்ட்டர் சம்பந்தப்பட்டது என்று நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்.)

அங்கே படித்து 1888-இல் பட்டம் வாங்கியவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. மாயவரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக ஆரம்பித்தார், பிறகு சேலம், திருவல்லிக்கேணி. 1907-இல் தலைமையாசிரியர் வேலையை விட்டுவிட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கோகலே 1915-இல் இறந்தபின் அதற்குத் தலைவரானார். வெள்ளைக்காரர்களே இவர் இங்கிலீஷைக் கேட்டு "வெள்ளி நாவு" என்று பட்டம் கொடுத்தார்கள். காந்தியின் சுயசரிதை இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொடுத்த பெயர் சொல்லாத நண்பர் இவர்தான். 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா சுற்றி, அங்கே குடியேறிய இந்தியர்களுக்கு உரிமை கேட்டுப் பேசினார். 1925-இல் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் இந்தியர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. 1927-இலிருந்து 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதி. டர்பனில் இந்தியப் பிள்ளைகள் படிக்க எழும்பிய கல்லூரிக்கு சாஸ்திரி கல்லூரி என்றே பெயர். கடைசியில் 1935-இலிருந்து 1940 வரை நம் பக்கத்து சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

இவ்வளவு சொல்லியபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 1919 பிப்ரவரியில் டெல்லி சட்டசபையில் ரௌலட் மசோதாவை எதிர்த்து சாஸ்திரி பேசினார். அவர் பேசியவற்றிலேயே அதுதான் உச்சம் என்பார்கள். விசாரணை இல்லாமல் ஆளைப் பிடித்து அடைக்கும் சட்டம் யாரைப் போய்த் தாக்கும் என்று ஒவ்வொரு படியாக எடுத்துவைத்தார். என்ன ஆயிற்று? மார்ச் மாதம் மசோதா நிறைவேறியது. ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக். எவ்வளவு அழகாகப் பேசினாலும் கேட்கிறவன் முடிவு செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. அதே வருஷம் சத்தியாக்கிரகத்தையும் சாஸ்திரி ஏற்கவில்லை, பேசித் தீர்க்கலாம் என்றே கடைசி வரை நம்பினார். எனக்கு இதில் அவரோடு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு வலங்கைமான்காரர் அந்தச் சபையில் எழுந்து நின்று ஒரு அதிகாரவர்க்கத்தையே பதில் தேட வைத்தார் என்பதை நினைக்கும்போது, குரூப் டிஸ்கஷனில் "ஆக்சுவலி"யோடு நின்ற எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதே கல்லூரியில் சாஸ்திரிக்குப் பதினாறு வருஷம் கழித்து, 1904-இல் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்த இன்னொரு பையன் இங்கிலீஷ் கட்டுரைத் தாளில் தவறினான். ஸ்காலர்ஷிப் போயிற்று. வீட்டில் சொல்ல முடியாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனான். அவன் சீனிவாச ராமானுஜன். மறுபடி சென்னையில் சேர்ந்தும் கணக்கைத் தவிர மற்றதில் தேறவில்லை. 1913 ஜனவரியில் ஹார்டிக்குத் தேடிப் போன கடிதம் மட்டும் இங்கிலீஷில்தான் போக வேண்டியிருந்தது. "இங்கிலீஷ் வராவிட்டால் முட்டாள்" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். "இங்கிலீஷே வேண்டாம்" என்று யாராவது சொன்னாலும் இதே கதையைச் சொல்லலாம்!

சரி, இந்தப் பெரிய மனிதர்கள் பட்டியலைப் பார்த்தால் உங்களுக்கும் ஒன்று தோன்றியிருக்கும். எல்லோரும் ஒரே சாதி, எல்லோரும் ஆண்கள். ஏழைகள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஏழைப் பிராமணப் பையனுக்குப் படி ஏறப் பள்ளிக்கூடம் இருந்தது, சாப்பிட ஒரு வீடு கிடைத்தது. பண்ணையில் நாற்றுப் பறித்த ஏழை வீட்டுப் பையனுக்கு அந்தக் கட்டடத்தின் வாசல் கூடத் தெரியாது. இந்தப் பெருமையை நான் எழுதும்போது என் தாத்தா என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்பாவைக் கேட்டேன். "அவரு கைநாட்டுடா" என்றார். அவ்வளவுதான் பதில்.

1943-இல் அதே கும்பகோணம் கல்லூரி விடுதியில் பிராமண மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்களுக்கு ஒரு பானை. அதை எதிர்த்து எழுந்த மாணவர்கள்தான் திராவிட மாணவர் கழகத்தை ஆரம்பித்தார்கள். காவிரி பக்கத்திலேயே ஓடுகிறது, குடிக்கிற தண்ணீரில் இரண்டு பானை! அந்தப் பிள்ளைகளும் நாட்டு நடப்பு பேசினார்கள், மேடை ஏறினார்கள், ஆனால் தமிழில் பேசினார்கள். தெருவில் நிற்கிற ஆளுக்கும் புரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதற்கும் முன்பே 1911-இல் தஞ்சாவூரில் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தொடங்கியிருந்தது. அதன் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்த உமாமகேசுவரனார் ஒரு வக்கீல். கோர்ட்டில் இங்கிலீஷ், சங்கத்தில் தனித்தமிழ். இரண்டும் ஒரே நாக்குதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாங்கள் சும்மா இருக்கவில்லை. அன்று டீ குடித்த ஐந்து பேரும் விடுதி மொட்டைமாடியில் இரவு ஒன்பது மணிக்குக் கூடுகிறோம். ஒரு நாளைக்கு ஒரே செய்தி. ஒருவன் இங்கிலீஷ் பேப்பரிலிருந்து சத்தமாக வாசிக்க வேண்டும், அடுத்தவன் பேப்பரைப் பார்க்காமல் மூன்று நிமிடம் சொல்ல வேண்டும், மூன்றாமவன் மறுத்துப் பேச வேண்டும். தப்பை நடுவில் திருத்தக் கூடாது, முடிந்த பிறகுதான். முதல் வாரம் கிரிக்கெட் மட்டும்தான் ஓடியது. இரண்டாவது வாரம் பெட்ரோல் விலை. ஒருவன் கோபம் வந்தால் தமிழுக்குத் தாவிவிடுவான், அவனுக்கு இரண்டு ரூபாய் அபராதம் போட்டோம். பிறகு அபராதத்தை எடுத்துவிட்டோம். அவன் தமிழில் சொன்னதுதான் அன்றைக்கு எல்லாவற்றிலும் சரியான வாதமாக இருந்தது. அதையே இங்கிலீஷில் சொல்ல எல்லோரும் சேர்ந்து முயன்றோம், அரை மணி நேரம் ஆனது.

காவிரியை எடுத்தபோதுதான் நிஜமான சிக்கல். குறுவை என்பதை எப்படிச் சொல்வது? "ஷார்ட் டெர்ம் கிராப்" என்றால் கேட்கிறவன் தலையாட்டுவான், ஆனால் மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால்தான் குறுவை, தவறினால் ஒருபோக சம்பாதான் என்பது அதில் வராது. தாளடிக்கு? குறுவை அறுத்த வயலிலேயே மறுபடி நடுவது என்று ஒரு முழு வாக்கியம் வேண்டும். கடைசியில் எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னார்: "ஏன்டா தம்பி, குறுவைய குறுவைன்னே சொல்லுங்க. அடுத்த வாக்கியத்துல விளக்குங்க. அவன் கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்." டி.எம்.சி.யை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் இல்லையா, தாளடியை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டுமே! (1940-இல் தமிழில் கலைச்சொல் ஆக்க அரசு போட்ட குழுவுக்குத் தலைவர் அதே சாஸ்திரி. சமஸ்கிருதச் சொற்களாகப் போடுகிறார்கள் என்று தமிழறிஞர்கள் கடுமையாகச் சண்டை போட்டார்கள். ஒரு சொல்லை யார் ஆக்குவது என்பது எப்போதும் சண்டைதான் போலிருக்கிறது.)

மொட்டைமாடியில் இப்போது பதினொரு பேர். அதில் ஒருவன் நன்னிலம் பக்கம், முதல் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. வருவான், சுவரோரம் உட்காருவான், போவான். போன வியாழக்கிழமை 2024-ஆம் வருஷ நிலைமை பேச்சில் வந்தது. அந்த வருஷம் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். பேப்பர் கட்டுரையை வைத்து ஒருவன் "ஃபார்மர்ஸ் வேர் அஃபெக்டட்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனான். சுவரோரத்திலிருந்து சத்தம் வந்தது. "நோ. நாட் ஃபார்மர்ஸ். மை ஃபாதர்." எல்லோரும் திரும்பினோம். அவன் எழுந்து நின்றான். இலக்கணம் அங்கங்கே உடைந்தது, காலம் முன்பின் மாறியது. வாங்கிவைத்த விதை, அடகு வைத்த வளையல், அப்பா தினமும் வாய்க்கால் வரை நடந்து பார்த்துவிட்டு வந்தது, எல்லாவற்றையும் நான்கு நிமிடம் சொன்னான். மறுத்துப் பேச வேண்டிய ஆள் அன்று பேசவில்லை.

உட்கார்ந்தபிறகு அவன் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, வாய்க்காலுக்கு கேனால்னு சொன்னேன், சேனல்னு சொல்லணுமா?"

பதினொரு மணி வரைக்கும் அதைத்தான் விவாதித்தோம்.